ஜெர்மனியில் முதல் வேலை: பெரிய கம்பெனியா, சின்ன கம்பெனியா?

ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் டெவலப்பர் வேலை கிடைத்திருக்கிறது, முப்பது பேர் இருக்கும் ஒரு சின்ன கம்பெனியும் கூப்பிடுகிறது, ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறேன், எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் முதல் வேலைக்குப் பெரிய கம்பெனிதான். ஆனால் அங்கே போய் அப்படியே செட்டில் ஆகிவிடாதீர்கள்.

வந்து இறங்கும்போது ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை, குடியிருப்பு அனுமதி), குடும்பத்துக்கு விசா, வீடு தேடுவது என்று அலைச்சல் நிறைய. இதற்கென்றே ஆள் வைத்திருக்கும் கம்பெனியில் பாதி பாரம் குறையும். அப்புறம், பெட்ரீப்ஸ்ராட் என்கிற ஊழியர் மன்றம். சட்டப்படி ஐந்து ஊழியர்கள் இருந்தாலே அமைக்கலாம், ஆனால் சின்ன இடங்களில் பெரும்பாலும் இருக்காது. அது இருக்கும் இடத்தில், அதன் கருத்தைக் கேட்காமல் ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் அந்தப் பணிநீக்கம் செல்லாது. புது ஊரில் இது பெரிய தைரியம்.

தொழிலும் நன்றாகப் படியும். இரண்டு வரி கோட் மாற்றினால்கூட, ஏன் மாற்றினோம் என்று எழுதி, டெஸ்ட் சேர்த்து, இரண்டு பேர் ரிவ்யூ செய்து, முதலில் நூற்றில் ஒரு பயனருக்கு மட்டும் திறந்துவிட்டு, எரர் கிராஃப் ஏறுகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் எல்லோருக்கும் போகும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தும் ஒன்றை உடையாமல் மாற்றும் பழக்கம் இப்படித்தான் கைக்கு வரும், வேறு இடத்தில் அவ்வளவு சீக்கிரம் வராது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். கோடைத் தொகுப்பது (பில்டு), சர்வரில் ஏற்றுவது (டிப்ளாய்), ஓடுவதைக் கண்காணிப்பது (மானிட்டரிங்) எல்லாமே கம்பெனி தனக்கென்று எழுதிய டூல்களாக இருக்கலாம். நான்கு வருடம் அதிலேயே ஊறியவர் வெளியே இன்டர்வியூவுக்குப் போய், ஒரு சாதாரண சர்வீஸைத் தனியாக ஏற்றி ஓடவைக்கத் தெரியாமல் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். திறமைசாலிதான், ஆனால் அந்தத் திறமை அந்தக் கட்டடத்துக்குள் மட்டுமே செல்லுபடியானது. வெளியே எல்லோரும் பயன்படுத்தும் டூல்களில் சின்னதாக ஏதாவது கட்டிக்கொண்டே இருங்கள்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆபீஸ் முழுக்க ஆங்கிலம், அதனால் ஜெர்மன் இல்லாமலே வருடங்கள் ஓடிவிடும். ப்ளூ கார்டில் இருப்பவருக்கு பி1 அளவு (நடுத்தர நிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், ஏ1 (ஆரம்ப நிலை) மட்டும் என்றால் 27 மாதம். வேலை போனால் இது எவ்வளவு முக்கியம் என்று புரியும். உங்கள் டீம் நன்றாக வேலை செய்தும், வேறு கண்டத்தில் எடுத்த ஒரு முடிவால் அந்த ப்ராஜெக்டே மூடப்படலாம். அப்போது நிரந்தரக் குடியிருப்பு கையில் இருப்பவர் நிதானமாக வேலை தேடுவார், மற்றவர் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார். ப்ளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் கம்பெனி மாறினால் வெளிநாட்டினர் அலுவலகம் அதை 30 நாள் வரை நிறுத்திவைக்கலாம், மறுக்கவும் செய்யலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஷேர் தருகிறோம் என்றால் மயங்க வேண்டாம். பெரும்பாலும் நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும், வரும்போது சம்பளம் போலவே வரி பிடிப்பார்கள், நடுவில் விலகினால் மீதி போய்விடும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மேனேஜர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார்? கலிஃபோர்னியா என்றால் அவருக்குக் காலை ஒன்பது, உங்களுக்கு மாலை ஆறு, மீட்டிங் எல்லாம் அதற்கு மேல்தான். ஆன்கால், அதாவது வேலை நேரத்துக்கு வெளியேயும் கூப்பிட்டால் வந்து பிரச்சினையைச் சரிசெய்யும் முறை, உண்டா, அதற்குத் தனியாகப் பணம் தருகிறார்களா? உங்கள் டீமின் முக்கிய முடிவுகள் இங்கே எடுக்கப்படுகிறதா, இல்லை அங்கே முடிவானதை இங்கே செய்துகொடுக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அந்தச் சின்ன கம்பெனியோடு இன்னொரு தடவை உட்கார்ந்து பேசுங்கள்.