பி.எஸ்.ஏ. 18 என்றால் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு 61 வயது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். போன வாரம் குளிர்ஜுரம், சிறுநீர் போகும்போது கடுமையான எரிச்சல். ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 18 என்று வந்தது. 4-க்கு மேல் போனாலே புற்றுநோய் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் போட்டேன். ஜுரம் விட்டதும் நிறுத்திவிட்டேன். இரவில் இரண்டு தடவை எழுந்திருக்கிறேன், வாயுத் தொல்லையும் இருக்கிறது. உடனே பயாப்ஸி செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். கிருமித் தொற்று இருக்கும்போது ஊசியால் குத்திச் சதை எடுத்தால், கிருமி ரத்தத்தில் கலக்கும் ஆபத்துதான் அதிகம்.

குளிர்ஜுரமும் எரிச்சலும் சேர்ந்து வந்த வாரத்தில் எடுத்த பி.எஸ்.ஏ.வை வைத்து உங்களுக்குப் புற்றுநோய் என்று யாராலும் சொல்ல முடியாது. பி.எஸ்.ஏ. என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். கிருமித் தொற்றால் அந்தச் சுரப்பி அழற்சி கண்டு வீங்கினாலும் அது ரத்தத்தில் தாறுமாறாக ஏறும். இந்த விவரத்தை விட்டுவிட்டு 4 என்ற எண்ணை மட்டும் போட்டு ஊரையே பயமுறுத்துகிறார்கள்.

எனக்குக் கவலை அந்த இரண்டு நாள் மாத்திரைதான். ஜுரம் விட்டது என்பதற்காகக் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. பல ஆன்டிபயாடிக்குகள் புராஸ்டேட்டுக்குள் சரியாக இறங்குவதே இல்லை. பொருத்தமான மருந்தையும் இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் எடுக்க வேண்டும். எந்த மருந்து என்பதை யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, சொல்லும். அதையும் மாத்திரை போடுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பாதியில் விட்டால் உள்ளே சீழ் கட்டலாம், நோய் நாள்பட்டதாக மாறலாம். சர்க்கரை இருப்பவர் இதில் விளையாடக் கூடாது. நாளைக்கே ஒரு யூராலஜிஸ்ட்டை (சிறுநீர்ப் பாதை நிபுணரை) பாருங்கள்.

அதற்குள் மறுபடி உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர் வந்தாலோ, முட்டிக்கொண்டு வந்தும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போய் அடிவயிறு கல்லாகிவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ரத்தத்தில் கிருமி பரவினால் சில மணி நேரத்திலேயே ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

சிகிச்சை முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து பி.எஸ்.ஏ.வைத் திரும்பப் பாருங்கள். அந்தப் பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் உடலுறவும் சைக்கிளும் வேண்டாம். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் சொல்லிவிடுங்கள், அவை பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அப்போதும் அதிகமாகவே இருந்தால் முதலில் எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகம் வந்தால் பயாப்ஸி. அதில் புற்றுநோய் என்றே வந்தாலும், தீவிரம் குறைந்த வகையாக இருந்தால் அறுவை சிகிச்சை இல்லாமல் வருடக்கணக்கில் கண்காணித்தே வரலாம்.

இரவில் இரண்டு தடவை எழுவது இந்த வயதில், அதுவும் சர்க்கரையோடு, சகஜம். வாயுவுக்கும் புராஸ்டேட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.