நாவலடிக் காணியும் 2100ஆம் ஆண்டுக் கடலும்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு நாவலடியில் அப்பாவின் காணியில் வீடு கட்ட நினைக்கிறோம். 2100இல் கடல்மட்டம் 30 சென்ரிமீற்றர் உயரும் என்று ஓரிடத்தில் வாசித்தேன், 1 மீற்றர் என்று இன்னோரிடத்தில். வருகிற வெள்ளிக்கிழமை மழையையே சரியாகச் சொல்ல முடியாதவர்கள் எண்பது வருடக் கணக்கை எப்படிச் சொல்கிறார்கள்? இதை நம்பலாமா?

— ஒரு வாசகர், கல்லடி

அன்புள்ள தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை மழையைத் தெரிந்துகொண்டா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரும்போக நெல் விதைக்கிறார்கள்? மாரி வரும் என்று தெரியும், விதைக்கிறார்கள்.

வெப்பக் கணக்கு கடைக் கொப்பிக் கடன் மாதிரி. இந்த மாதம் குறைத்து வாங்கினால் பழைய கடன் குறையாது, ஏறும் வேகம்தான் குறையும். 1850 முதல் 2019 வரை மனிதர் காற்றில் விட்ட காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 2.39 லட்சம் கோடி தொன். ஒவ்வொரு லட்சம் கோடி தொன்னுக்கும் சுமார் 0.45 பாகை செல்சியஸ் ஏறும் என்கிறது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 1.08 பாகை வரும். அதுவரை பூமி உண்மையில் சூடேறியதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

கடல் சூட்டை மெதுவாக உள்வாங்கி விரிகிறது, பனிப்பாறைகளும் மெதுவாக உருகுகின்றன. அதனால் 2050 வரை உலகம் எந்த வழியில் போனாலும் உயர்வு 15 முதல் 30 சென்ரிமீற்றருக்குள்தான் (1995–2014 மட்டத்திலிருந்து). வழிகள் பிரிவது அதற்குப் பிறகு. புகையை வேகமாகக் குறைத்தால் 2100இல் 28 முதல் 55 சென்ரிமீற்றர், கட்டுப்பாடில்லாமல் விட்டால் 63 முதல் 101. நீங்கள் வாசித்த இரண்டு எண்ணும் சரியானவைதான் தம்பி. அந்த இடைவெளிக்கு ஒரு பெரிய காரணம் நாம் இனி விடப்போகும் புகை. மற்றது, அந்தாட்டிக்காவின் பனி எப்படி நடந்துகொள்ளும் என்பது. அது மோசமாக உடைந்தால் 1 மீற்றரையும் தாண்டலாம்.

எனக்குக் கவலை அலை வீட்டுக்குள் வருவதைப் பற்றி மட்டுமல்ல. மாரியில் வாவி பெருகினால், அது கடலோடு சேரும் இடத்து மணலை வெட்டி ஆற்றுவாய் திறந்து விடுகிறோமே, வாவி கடலைவிட உயர்ந்து நிற்பதால்தான் தண்ணீர் ஓடுகிறது. கடல் அரை மீற்றர் ஏறினால் அந்த இறக்கம் குறையும், வெள்ளம் வயலில் கூடுதல் நாள் தேங்கும். கிணறுகளில் உவர் ஏறும்.

சரி, வீட்டுக்கு வருவோம். நாவலடி வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டு, 2004 சுனாமியில் என்ன நடந்தது என்று உங்கள் வீட்டிலேயே தெரிந்திருக்கும். கடன் எடுத்துக் கட்டுவதானால் வாவியிலிருந்து தள்ளி, மேட்டு நிலமாகப் பாருங்கள். அப்பாவின் காணியை விற்க வேண்டாம், தென்னை நிற்கட்டும்.