ஆட்டத்தை நடத்துபவர் ஏன் சீக்கிரமே களைத்துப்போகிறார்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கற்பனைக் கதாபாத்திரமாகி, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் ஆட்டம்) நடத்த வாராவாரம் எல்லாவற்றையும் நீங்களே தயார் செய்கிறீர்கள், ஆடுபவர்கள் சும்மா வந்து உட்கார்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் களைப்பு இயல்பானதுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வெளிவந்ததிலிருந்தே வரைபடம், அரக்கர்கள், ஊர்க்காரர்களின் பேச்சு, ஆட்ட விதிகளில் தீர்ப்பு எல்லாம் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் தலையில்தான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். பல மாதம் ஆடிய பிறகும் ஒருவர், தாக்க உருட்ட வேண்டிய அதே இருபது முகப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே, "தாக்கறதுக்கு எதை உருட்டணும்?" என்று கேட்டால் மனசு விட்டுத்தான் போகும்.

இன்னும் அதிகமாகத் தயார் செய்தால் அவர்களுக்கு ஆர்வம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். வேலையைப் பிரித்துக் கொடுங்கள். போன வாரக் கதையை ஒருவர் சொல்லட்டும். சண்டையில் யார் முறை என்பதை இன்னொருவர் குறிக்கட்டும். கதையில் வரும் விடுதிக்காரர் பெயர் என்ன என்று கேட்டால், "நீங்களே வையுங்க" என்று விட்டுவிடுங்கள். கிளம்பும் முன் "அடுத்து எங்கே போறீங்க?" என்று கேட்டு, அதற்கு மட்டும் தயார் செய்யுங்கள்.

மனக்குறையை ஆட்டத்துக்கு வெளியே நேராகப் பேசுங்கள்; கதாபாத்திரத்தைச் சாகடித்துக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டாம். சில வாரம் வேறொருவர் சின்ன சாகசம் நடத்தட்டும், நீங்கள் ஆடுங்கள். யாருமே முன்வராவிட்டால், தயங்காமல் நிறுத்திவிடலாம்.