குடியேற்றம், எல்லை, உள்நாட்டுப் பாதுகாப்பு: ஐரோப்பிய ஒன்றிய நிதியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு?

“இந்த நிதி எங்கே, எதற்குப் போக வேண்டும் என்பதை எல்லாம் பிரஸ்ஸல்ஸ்தான் (ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகம்) தீர்மானிக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி.

2021-2027 காலத்துக்கு மூன்று நிதிகள் உள்ளன. தொடக்கத்தில் ஒதுக்கியது: புகலிடம், குடியேற்றம், ஒருங்கிணைப்புக்குச் சுமார் 988 கோடி யூரோ. எல்லை மேலாண்மைக்கும் விசாவுக்கும் 624 கோடி. உள்நாட்டுப் பாதுகாப்புக்கு 193 கோடி.

முதல் நிதியில் 63.5 சதவீதம் உறுப்பு நாடுகளின் தேசியத் திட்டங்களுக்கு. மீதி ஐரோப்பிய ஆணையத்தின் (ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு) கையில், அவசரத்துக்கும் சிறப்புப் பணிகளுக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் அடிப்படைத் தொகை 80 லட்சம் யூரோ. கிரீஸ், மால்டா, சைப்ரஸ் மூன்றுக்கு மட்டும் 2.8 கோடி. கடல்வழி வருவோர் முதலில் கால் வைக்கும் இடங்கள் ஆயிற்றே! அதற்கு மேல் வருவது புகலிடம், சட்டபூர்வக் குடியேற்றம், திருப்பி அனுப்புதல் ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

அப்புறம், தேசியத் திட்டத்தில் எதற்கு முன்னுரிமை என்று எழுதுவது அந்தந்த நாடுதான். ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் கால்வாசிச் செலவை நாடே போட வேண்டும் என்பதால், கண்டபடி பட்டியல் போட முடியாது. என் பார்வையில், ஆணையத்தின் ஒப்புதலைவிட இந்தக் கால்வாசிதான் அதிகம் கட்டுப்படுத்துகிறது.

டென்மார்க் முதல் நிதியில் இல்லை. அயர்லாந்து ஷெங்கனுக்கு (உள் எல்லைகளில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத நாடுகளின் பகுதி) வெளியே என்பதால் எல்லை நிதியில் இல்லை.