வாசகர் கேள்வி பதில்: பி.யு.சின்னப்பா

இரட்டை வேடப் படங்களைப் பற்றி முன்னர் ஒரு பதிலில் எழுதியபோது, 1940-களின் தமிழ்த் திரைக் கதாநாயகர் பி.யு.சின்னப்பாவை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே மிகுதி என்பதால், இம்முறை பகுதி முழுவதும் அவருக்கே.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்கு முன்பு பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று சண்டையே நடக்குமாம். உண்மையில் இருவரில் யார் பெரியவர்? (காரைக்குடி வாசகி)

பாட்டை மட்டும் வைத்துத் தராசு பிடித்தால் எம்.கே.தியாகராஜ பாகவதர் பக்கம்தான் தட்டு தாழும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், அந்தத் தராசு சின்னப்பாவுக்கு உரியதன்று என்பதே என் கட்சி. பாகவதர் பாடகராகத் திரைக்கு வந்தவர்; அவர் பாடத் தொடங்கினால் கதை ஓரமாக ஒதுங்கி நிற்கும், பாட்டு முடிந்த பிறகு மெல்ல நகரும், அதைக் கேட்கவே மக்களும் வந்தார்கள். சின்னப்பாவும் நன்றாகப் பாடுவார் என்றாலும், வாள் வீசுவதும் வசனம் பேசுவதும் முகம் மாறுவதும் அவருக்குப் பாட்டுக்குச் சமமான வேலைகளாக இருந்தன. தமிழ்ப் பேசும்படத்தில் முழுமையான நடிகர் என்று முதலில் யாரைச் சொல்லலாம் என்று கேட்டால், நான் அவரைத்தான் சொல்வேன்.

பாகவதர் சிறைக்குப் போனதால்தான் சின்னப்பா மேலே வந்தார் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். இந்த வாதம் தேதியிலேயே அடிபட்டுப் போகிறது. திரையுலகினரைப் பற்றி அவதூறு எழுதிவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை நடந்தது 1944 நவம்பரில். அதையொட்டிக் கைதான பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் விடுதலையானது 1947 ஏப்ரலில். சின்னப்பாவின் புகழுக்குத் தூணாக நிற்கும் ‘உத்தம புத்திரன்’ 1940-லும், ‘கண்ணகி’, ‘மனோன்மணி’ ஆகியவை 1942-லும், ‘ஜகதலப்பிரதாபன்’ 1944-இன் முற்பாதியிலும் வந்துவிட்டன. பாகவதர் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே அவருக்கு எதிரில் நின்று பெற்ற பெயர் அது. சொல்லப்போனால், எதிரே ஆளில்லாத அந்த இரண்டரை ஆண்டுகளில் சின்னப்பா நடித்த படங்கள் அவருடைய மிகச் சிறந்த படங்களின் வரிசையில் சேர்வதில்லை.

கேள்வி: அவர் எங்கே, யாரிடம் நடிப்புக் கற்றார்? (மதுரை வாசகர்)

1916 மே 5-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தவர், இயற்பெயர் சின்னசாமி. தந்தை உலகநாத பிள்ளையே நாடக நடிகர் என்பதால், பள்ளிக்கூடத்தைவிடக் கொட்டகைதான் பிள்ளைக்குப் பழக்கமாயிற்று. சிறு வயதில் ‘சதாரம்’ நாடகத்தில் குட்டித் திருடனாக வந்து கைதட்டல் வாங்கிய பிறகு, சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவிலும், அதன்பின் சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் வளர்ந்தார். பின்னாளில் திரையில் பெயர் பெற்ற காளி என்.ரத்தினமும் எம்.ஜி.ராமச்சந்திரனும் அதே கம்பெனிக்காரர்கள்தாம்.

பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழு இன்றைய நடிப்புப் பள்ளி போன்றதன்று. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, அங்கேயே உண்டு, விடியற்காலையில் ஆர்மோனியத்துக்கு முன் உட்கார்ந்து பாட்டுப் பாடம் சொல்லி, பகலில் வசனத்தையும் ஆட்டத்தையும் வாத்தியாரிடம் ஒப்பித்து, இரவில் அரிதாரம் பூசி மேடையேறி விடியும் வரை ஆடுவார்கள். இன்று ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போட்ட பையன் நாளை கள்ளபார்ட்டோ (திருடன் வேடம்) பபூனோ (கோமாளி வேடம்) போட வேண்டியிருக்கும். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் வேடத்தை இன்னொருவன் அதே இரவில் ஏற்கவேண்டும். ஆகவே எல்லார் பாடமும் எல்லாருக்கும் மனப்பாடம். மைக் இல்லாத காலம் என்பதால், கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்டாக வேண்டும். இவ்வளவையும் பழகி ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயக வேடக்காரராக, உயர்ந்தவர் சின்னப்பா.

பதின்ம வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தபோது, கம்பெனிப் பையன்கள் எல்லாரையும் போல அவரும் வெளியேற வேண்டியதாயிற்று. பலருடைய நாடக வாழ்வு அத்தோடு முடிந்துவிடும். சின்னப்பா அந்த இடைவெளியில் முறையாகச் சங்கீதம் பயின்றார். சிலம்பமும் குஸ்தியும் பழகி உடம்பைத் தேற்றிக்கொண்டார். குரல் திரும்பியதும், தனித்தனி நடிகர்களை அழைத்துச் சேர்த்து நடத்தும் ஸ்பெஷல் நாடகங்களில் ஏறினார். பின்னாளில் திரையில் அவர் வாளெடுத்தபோது வெறும் பாவனையாகத் தெரியாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: ‘உத்தம புத்திரன்’தான் அவருடைய முதல் படமா? (சென்னை வாசகர்)

இல்லை. முதல் படம் 1936-இல் ஜூபிடர் நிறுவனத்தார் எடுத்த ‘சந்திரகாந்தா’. இயக்கியவர் ராஜா சாண்டோ. சூண்டூர் இளவரசனாக நடித்த அவர் அப்போது சின்னசாமி என்ற பெயரிலேயே அறியப்பட்டார். அடுத்த மூன்று ஆண்டுகளில் ‘ராஜமோகன்’, ‘அனாதைப் பெண்’, ‘யயாதி’, ‘மாத்ருபூமி’ என்று சில படங்கள் வந்தும் எதுவும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. வாய்ப்பு வற்றிப்போன அந்நாட்களில் அவர் மனம் வெறுத்து மௌன விரதம் பூண்டு, துறவு கொள்ளும் எண்ணத்துக்கே போய்விட்டார் என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அங்கிருந்து அவரை அழைத்து வந்து ‘உத்தம புத்திரன்’ படத்தில் நடிக்க வைத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம்.

கேள்வி: கணினி இல்லாத 1940-இல் ஒரே நடிகரை எப்படி இரண்டு பேராகக் காட்டினார்கள்? (சேலம் வாசகர்)

கேட்கவேண்டிய ஊரிலிருந்தே கேள்வி வந்திருக்கிறது. அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய ‘உத்தம புத்திரன்’ தமிழ்ப் பேசும்படத்தின் முதல் இரட்டை வேடப் படம் என்று போற்றப்படுகிறது. அரசுக் கட்டிலில் இருக்கும் கொடியவனும், அவனோடு பிறந்து மறைத்து வளர்க்கப்பட்ட நல்லவனும் சின்னப்பாவே.

அக்காலத்து முறை எளியதுபோலத் தோன்றும், செய்வது பெரும்பாடு. கேமராவை அசையாதபடி தளத்தோடு பிணைத்துவிட்டு, லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, மற்ற பாதியில் நடிகரை ஒரு வேடத்தில் படமெடுப்பார்கள். பிறகு அதே பிலிம் சுருளைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, வேடம் மாற்றி வந்த அதே நடிகரை மீண்டும் எடுப்பார்கள். இரண்டு பாதியும் சேரும் கோடு கண்ணில் படாமலிருக்க அவ்விடத்தில் ஒரு தூணோ கதவு விளிம்போ வருமாறு செட்டை அமைப்பதுண்டு. இடையில் கேமரா மயிரிழை நகர்ந்தாலும், விளக்கின் வெளிச்சம் சற்றுக் கூடினாலும் கோடு பல்லிளிக்கும். அதுவும் பிலிமைக் கழுவிப் பார்த்த பிறகே தெரியும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பிலிம் என்பதால் ஒவ்வொரு தவறும் பணம்.

தொழில்நுட்பக்காரரின் பாடு இப்படியென்றால், நடிகரின் பாடு இதைவிடப் பெரிது. எதிரே ஒருவருமே இல்லாத வெற்றிடத்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டும்; எதிராளி வசனம் பேசி முடிக்கும் நேரத்தை மனத்துக்குள்ளேயே எண்ணிக்கொண்டு, அவன் கண் இருக்கவேண்டிய உயரத்திலேயே தன் பார்வையை நிறுத்த வேண்டும். எல்லார் பாடத்தையும் மனப்பாடம் செய்து வளர்ந்த கம்பெனிப் பையனுக்கு இது கைவந்தது. ஸ்டுடியோக்காரர்கள் அதைக் கண்டுகொண்டார்கள் என்பதற்கு அவருடைய பிற்காலப் படங்களே சாட்சி: ‘ஜகதலப்பிரதாபன்’ கச்சேரிக் காட்சியில் பாடகரும் அவரே, பக்கத்தில் அமர்ந்த பக்கவாத்தியக்காரர்களும் அவரே, 1949-இல் வந்த ‘மங்கையர்க்கரசி’யில் மூன்று வேடங்கள். 1958-இல் சிவாஜி கணேசன் இரட்டை வேடத்தில் நடித்த அதே பெயருடைய படத்தை மட்டும் அறிந்தவர்கள், அந்தப் பாதையை 18 ஆண்டுகளுக்கு முன்பே போட்டவர் யார் என்பதை நினைவில் கொள்ளலாம்.

கேள்வி: ‘கண்ணகி’ படத்தில் பெயர் வாங்கியவர் கண்ணாம்பாதானே? சின்னப்பாவை ஏன் புகழவேண்டும்? (கோவை வாசகி)

கண்ணகியாக நடித்த கண்ணாம்பாதான், ஐயமில்லை. கணவன் வெட்டுண்ட பின் படம் முழுவதும் அவர் கைக்குப் போய்விடுகிறது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் வசனகர்த்தா இளங்கோவனின் அடுக்குத் தமிழைப் பாண்டியன் அவையில் பொழியும்போது, எதிரில் யார் இருந்தாலும் எடுபடமாட்டார்கள். நான் சின்னப்பாவைப் புகழ்வது வேறொன்றுக்காக. ஸ்பெஷல் நாடக மேடையில் கோவலன் என்பது ராஜபார்ட். நாடகத்தின் பெயரே கோவலன் பெயர்தான். ஆர்.எஸ்.மணி இயக்கிய ஜூபிடர் படமோ கதையைக் கண்ணகியின் பக்கம் திருப்பி, பெயரையும் அவளுக்கே சூட்டியது. உச்சத்தில் இருந்த கதாநாயகர் ஒருவர், தவறு செய்பவனாக, பொருளிழந்து கூனிக் குறுகி மனைவி முன் நிற்பவனாக, உச்சக்கட்டத்துக்கு முன்பே மாண்டுபோகிறவனாக நடிக்க இசைந்தார். தாம் குற்றவாளி என்பதை உணர்ந்த கோவலனாக அவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். அந்த அடக்கம் இல்லாவிட்டால் பின்வரும் கண்ணாம்பாவின் சீற்றத்துக்கு அவ்வளவு வலு வந்திருக்காது.

கேள்வி: அவருடைய பாடல்களை அவரே பாடினாரா, பின்னணி உண்டா? (திருச்சி வாசகர்)

அவரே பாடினார். பாடத் தெரியாதவர் கதாநாயகராக முடியாத காலத்தில் தொடங்கியவர் அவர். பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் நடிகர் கேமரா முன் நின்றபடியே பாட, பக்கவாத்தியக்காரர்கள் செடிக்கும் திரைக்கும் பின்னால் ஒளிந்திருந்து வாசிப்பார்கள். மைக் படத்தில் விழாமல் மேலே தொங்கும். பாட்டைத் தனியே பதிவு செய்துகொள்ளும் வசதி 1930-களின் கடைசியில் வந்த பிறகும், பாகவதரும் சின்னப்பாவும் தம் குரலையே நம்பினார்கள். ‘குபேர குசேலா’வில் வரும் ‘நடையலங்காரம் கண்டேன்’, ‘மங்கையர்க்கரசி’யின் ‘காதல் கனிரசமே’ ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவருடைய குரலின் கனமும், சொல்லை அழுத்தி உச்சரிக்கும் மேடைப் பழக்கமும் விளங்கும். ‘குபேர குசேலா’வில் குசேலராக நடித்தவர் சங்கீத மேதை பாபநாசம் சிவன் என்பது உபரிச் செய்தி.

கேள்வி: இனி அவருக்கு யாரும் வீடு விற்கக்கூடாது என்று சமஸ்தானமே உத்தரவு போட்டதாக எங்கள் ஊரில் சொல்வார்கள். உண்மையா? (புதுக்கோட்டை வாசகர்)

படத்தில் சம்பாதித்த பணத்தையெல்லாம் சொந்த ஊரில் வீடுகளாக வாங்கிப் போட்டார் என்பது பரவலாக அறிந்த செய்தி. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் ஆட்சியில் இருந்தது என்பதால், அந்த உத்தரவுக் கதைக்குப் பின்னணியும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஆனால் வீடுகளின் எண்ணிக்கை சொல்பவருக்குச் சொல்பவர் ஏறிக்கொண்டே போகிறது. ஊர் தன் பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதையாகவே நான் இதை எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலும் கோவையிலும் சேலத்திலும் வேலை பார்த்த ஒருவர் பணத்தைப் புதுக்கோட்டையிலேயே போட்டார் என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. நாளை படம் இல்லாமல் போனாலும் வாடகை வரும் என்று எண்ணியிருக்கலாம். 1939-இல் கையில் படமில்லாமல் இருந்தவருக்கு அந்த எச்சரிக்கை இயல்பானதே.

கேள்வி: அவருடைய மனைவியும் நடிகையா? (தஞ்சாவூர் வாசகி)

ஆம். 1942-இல் வந்த ‘பிருதிவிராஜன்’ படத்தில் சம்யுக்தையாக நடித்த ஏ.சகுந்தலாவை 1944-இல் மணந்தார். மகன் ராஜபகதூரும் பின்னர் திரையில் நடித்தார்.

கேள்வி: இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் சிவாஜி, எம்.ஜி.ஆர். காலத்திலும் நிலைத்திருப்பாரா? (பெங்களூரு வாசகர்)

1951 செப்டம்பர் 23-ஆம் நாள் புதுக்கோட்டையில் திடீரென மறைந்தார். இரவில் நண்பர்களோடு படம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர் இரத்த வாந்தி எடுத்து மாண்டார் என்பார்கள். வயது 35 மட்டுமே. ‘சுதர்சன்’ அவர் மறைவுக்குப் பின்தான் திரைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ‘பராசக்தி’ வந்து வசனத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

பாகவதரை வைத்து இதற்கு விடை தேடுவார்கள். சிறையிலிருந்து வெளிவந்த பாகவதரின் படங்கள் எடுபடவில்லை, ஆகவே சின்னப்பாவுக்கும் அதே கதி என்று வாதிடுவார்கள். நான் ஏற்கமாட்டேன். பாட்டின் எண்ணிக்கை குறைந்து வசனமும் சண்டையும் பெருகியதுதான் 1950-களின் மாற்றம். அந்த இரண்டும் சின்னப்பாவின் சொந்தச் சரக்கு. 1949-இல் வந்த ‘ரத்னகுமார்’ படத்தில் அவர் கதாநாயகர், எம்.ஜி.ஆர். துணைப் பாத்திரம், அடுத்த சில ஆண்டுகளில் எம்.ஜி.ஆர். வாளோடு ஏறிய இடம் சின்னப்பா பழக்கி வைத்த இடமே. அவர் இருந்திருந்தால் அண்ணன், தந்தை, அரசன் என்று கனமான வேடங்களுக்கு நகர்ந்திருப்பார் என்பது என் கணிப்பு. கள்ளபார்ட்டும் ராஜபார்ட்டும் மாறி மாறிப் போட்டவருக்குக் கதாநாயகர் பட்டத்தை விட்டுக்கொடுப்பது அவ்வளவு கடினமாக இருந்திருக்காது.

கேள்வி: அவர் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

‘ஜகதலப்பிரதாபன்’. கச்சேரிக் காட்சியை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மாயமும் வேடிக்கையும் கலந்த கதை என்பதால் முழுப் படமும் தொய்வின்றி ஓடும். அடுத்து ‘கண்ணகி’. பிரதிகளில் கீறல் விழுந்திருக்கும், ஒலியும் இரையும் என்பதால், ஹெட்போன் போட்டுக் கேட்டால் வசனம் சற்றுத் தெளிவாக விளங்கும்.