பதின்ம வயதில் கேட்ட கேசட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

பதின்ம வயதில் திரும்பத் திரும்பக் கேட்ட இசைத்தொகுப்புகளைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் சேர்ந்துகொண்டே போவதால், பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பள்ளி இறுதி வகுப்பில் கேட்ட பாடல்களைப் போல அதற்குப் பின் வந்த எதுவும் என் மனத்தில் ஒட்டவில்லை. அந்தக் காலத்து இசைதான் உயர்ந்ததா, இல்லை, அந்த வயதுதான் காரணமா? (வாசகர், திண்டுக்கல்)

வயதின் பங்கை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். 1989ஆம் ஆண்டில் மாரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், 1930களிலிருந்து 1980கள் வரை வெளிவந்த பாடல்களின் துணுக்குகளைப் பல வயதினருக்கும் போட்டுக் காட்டி, எது எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டு வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெயர்பெற்றது. தமக்கு ஏறக்குறைய 24 வயதாக இருந்தபோது புழக்கத்தில் இருந்த பாடல்களையே மக்கள் மிகுதியாக விரும்புகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். நடுவயதைத் தாண்டியவர்களின் நினைவில் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலமே அடர்த்தியாகப் பதிந்திருக்கிறது என்று நினைவாற்றலை ஆராய்பவர்களும் சொல்கிறார்கள்.

ஆனால் வயதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. நாம் அப்போது கேட்ட விதம் வேறு. வீட்டில் இருந்தவை பத்துப் பன்னிரண்டு கேசட்டுகள். புதிதாக ஒன்று வாங்கக் கையில் காசு சேரும்வரை இருப்பதையேதான் போட்டாக வேண்டும். பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போவதென்றால் நாடாவை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதால், சுமாரான பாட்டையும் முழுதாகக் கேட்டோம். பல நேரங்களில் அந்தப் பாட்டே பிற்பாடு நமக்கு மிகவும் பிடித்ததாக ஆனது. எந்த இடத்தில் புல்லாங்குழல் நுழையும், எந்த இடத்தில் பாடகர் மூச்சு வாங்குவார் என்பது வரை காது பாடமாக வைத்திருந்தது. அந்த உழைப்பை நாம் பிறகு எந்த இசைக்கும் தரவில்லை. இந்த ஆண்டு வெளிவந்த தொகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் முழுவதும் அதை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாற்றாமல் கேட்டுப் பாருங்கள். அதன் பின்னும் ஒட்டவில்லை என்றால், அந்தத் தொகுப்பைக் குறை சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: அந்த வயதில் உங்களுக்கு மிகவும் பிடித்த தொகுப்பு எது? ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். (வாசகி, கும்பகோணம்)

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986இல் வெளிவந்த அந்தத் தொகுப்பு எந்தப் படத்துக்காகவும் செய்யப்பட்டதன்று. எங்கள் ஊர்க் கேசட் கடைக்காரர் அதைத் திரைப்பாடல் அடுக்கில் வைப்பதா, பக்திப்பாடல் அடுக்கில் வைப்பதா என்று தெரியாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் தனியாக வைத்திருந்தார்.

தியாகராஜருக்கும், பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. பெரும்பகுதியைத் தாங்கி நிற்பது வி.எஸ். நரசிம்மனின் வயலின். அதுவரை பாட்டின் சொற்களைப் பிடித்துக்கொண்டு இசையின் பின்னால் போய்ப் பழகிய என் போன்றவர்களுக்கு, இங்கே பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. முதலில் சிரமமாக இருந்தது; பிறகு அதுவே பெரிய விடுதலையாகத் தெரிந்தது. தாளத்தையும், ஒரு வாத்தியம் இன்னொன்றுக்கு வழிவிடுவதையும், அடியில் செல்லோ இழுக்கும் நீண்ட ஸ்வரத்தையும் தனித்தனியே பின்தொடர அந்தக் கேசட்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தனி வயலினுக்காக பாக் எழுதி, 1720ஆம் ஆண்டிட்ட கைப்பிரதியில் விட்டுச்சென்ற ஆறு படைப்புகளில் ஒன்று மூன்றாவது பார்ட்டிட்டா (பார்ட்டிட்டா என்பது சிறு சிறு பகுதிகள் கோத்த ஐரோப்பிய இசைவடிவம்). அதன் தொடக்கப் பகுதியின் மேல்தான் இது கட்டப்பட்டிருக்கிறது. அந்த மூலத்தின் ஸ்வரங்கள் நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களே என்பதால் நம் காதுக்கு அது அந்நியமாகப் படுவதில்லை. ஆனால் வாசிக்கும் முறை முற்றிலும் வேறு. பாக்கின் வயலின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைக்காமல், தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக வைத்து இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது; நம்முடைய வயலினோ ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குக் கமகத்தோடு வளைந்து செல்கிறது. இரண்டும் ஒரே கூடத்தில் ஒலிக்கும்போது எதுவும் எதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை, எதுவும் எதையும் அமுக்குவதுமில்லை. இரு மரபுகளைக் கலந்ததாகச் சொல்லிக்கொண்டு பிற்காலத்தில் வந்த எத்தனையோ முயற்சிகளில் ஒன்று மற்றொன்றுக்கு வெறும் அலங்காரமாகிவிடுவதைக் கேட்கும்போதெல்லாம், இந்தப் பகுதியில் உள்ள மரியாதை எவ்வளவு அரியது என்பதை மீண்டும் உணர்கிறேன்.

‘மேட் மாட் மூட் ஃப்யூக்’ என்ற பகுதி இன்னொரு வகையில் காதைப் பழக்குகிறது. ஃப்யூக் என்பது ஒரு குரல் தொடங்கிய மெட்டை, அது முடிவதற்குக் காத்திருக்காமல் அடுத்த குரல் வேறு சுருதி நிலையில் எடுத்துக்கொள்ள, முதல் குரல் நிற்காமல் தன் வழியில் தொடரும் ஐரோப்பிய வடிவம். இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்வது கடினம். கேசட்டை நாலைந்து முறை திருப்பிப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குரலை மட்டும் விடாமல் பின்தொடர்ந்தால் தானே விளங்கிவிடும்.

பாடல்களே இல்லாத தம் ‘வீடு’ படத்துக்குப் பாலு மகேந்திரா இந்தத் தொகுப்பின் இசையையே பின்னணியாக எடுத்துக்கொண்டதால், அதன் பெயர் தெரியாமலேயே அதைக் கேட்டவர்களும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பையும் மிகவும் நேசிக்கிறேன். ஆயினும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று நீங்கள் நிபந்தனை போட்டுவிட்டதால் என் வாக்கு முன்னதற்கே.

கேள்வி: எங்கள் வீட்டில் அண்ணன் ‘தளபதி’ கட்சி, நான் ‘ரோஜா’ கட்சி. முப்பது ஆண்டுகளாகியும் சண்டை தீரவில்லை. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். (வாசகர், சேலம்)

1991 தீபாவளிக்கு ‘தளபதி’, 1992 சுதந்திர தினத்தன்று ‘ரோஜா’. இயக்குநர் ஒருவரே, இடைவெளி ஓராண்டுகூட இல்லை. மணிரத்னத்துக்காக இளையராஜா இசையமைத்த கடைசிப் படத்தையும், அப்போது 25 வயதே ஆகியிருந்த ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படத்தையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு அந்த ஆண்டுகளில் பதின்ம வயதில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. அதற்காக உங்கள் இருவரையும் முதலில் வாழ்த்துகிறேன்.

இரண்டும் வேறு வேறாக ஒலிப்பதற்கு, உருவான முறையே முக்கியக் காரணம். இளையராஜா எல்லா வாத்தியங்களுக்கும் உரிய ஸ்வரங்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட, கலைஞர்கள் ஒரே கூடத்தில் கூடி அமர்ந்து வாசித்தார்கள். ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாட்டில் வயலின்கள் திரண்டு எழும் வேகமும், ஆட்டத்தின் நடுவே அப்பரின் ‘குனித்த புருவமும்’ தேவாரம் எந்த நெருடலும் இல்லாமல் வந்து அமர்வதும் அந்த எழுத்தின் வலிமை. 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகப் பாடல்களுக்கிடையே அந்தப் பாட்டு நான்காம் இடத்தைப் பிடித்தது பலருக்கு நினைவிருக்கும். ரஹ்மானோ, கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்ந்த சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில், ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியே பதிந்து அடுக்கினார். அதனால்தான் ‘புது வெள்ளை மழை’ பாட்டில் குரல் காதருகே நிற்கிறது. வாத்தியங்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பது தெரிகிறது. அந்த வெற்றிடம்தான் அன்று நம்மை வியக்க வைத்தது.

தனிப்பாட்டுகளின் உச்சத்தை அளந்தால் அண்ணன் கட்சியே வெல்லும். ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’ பாட்டுக்கு ஈடாக ‘ரோஜா’வில் ஒன்றையும் என்னால் வைக்க முடியவில்லை. படத்தில் இடம்பெறாமல் கேசட்டில் மட்டும் கிடைத்த ‘புத்தம் புது பூ’வும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது; கேசட் வாங்கியவர்களுக்கென்றே கிடைத்த செல்வம் அது. ஆனால் ஒரு தொகுப்பை முழுதாகப் போட்டு, ஓர் இடத்திலும் கவனம் தளராமல் கேட்க வேண்டுமென்றால் நான் ‘ரோஜா’வைத்தான் எடுப்பேன். தொகுப்பைப் பற்றித்தானே உங்கள் வழக்கு? ஆகவே தீர்ப்பு உங்கள் பக்கம். அண்ணன் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் டேப்ரிக்கார்டர் இல்லை. டீக்கடையிலும் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டதுதான் எங்கள் இசை. இதையெல்லாம் தொகுப்பு கேட்டதாகச் சொல்ல முடியுமா? (வாசகர், அருப்புக்கோட்டை)

தாராளமாகச் சொல்லலாம். சவுண்ட் சர்வீஸ்காரர் ஒரு கேசட்டைப் போட்டால் ஊரே அந்தப் பக்கம் முடியும்வரை கேட்டது. சொந்தமாக வைத்திருந்தவர்களைவிட நீங்கள் ஒழுங்காகவே கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு இன்னொரு நல்வாய்ப்பும் காத்திருக்கிறது. கூம்பு வடிவக் குழாய் ஒலிபெருக்கி, குரலையும் மேல்சுருதி வாத்தியங்களையும் வெகுதூரம் கொண்டுபோகும். தாழ்ந்த சுருதிகளை ஏறக்குறைய முழுதாக விட்டுவிடும். ஆகவே, அந்தப் பாட்டுகளின் கீழ்ப்பாதியை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு, 1982இல் வந்த ‘நினைவெல்லாம் நித்யா’ படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ பாட்டைப் போடுங்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். அதை விட்டுவிட்டு, அடியில் பேஸ் கிதார் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போவதை மட்டும் பின்தொடருங்கள். நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள பாட்டு புதிய பாட்டாகிவிடும்.

கேள்வி: பதினேழு வயதாகும் என் மகள், நான் அந்த வயதில் கேட்ட பாடல்களையே விரும்பிக் கேட்கிறாள். என்னைத் திருப்திப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. (வாசகி, கோயம்புத்தூர்)

சந்தேகம் வேண்டாம். கரோல் கிரும்ஹான்ஸல், ஜஸ்டின் ஜுப்னிக் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி வயது அமெரிக்க இளைஞர்கள் தங்கள் காலப் பாடல்களோடு, தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களிடமும் நெருக்கம் கொண்டிருந்தது தெரியவந்தது. குழந்தை வளரும்போது வீட்டில் ஒலிப்பது அதுதானே! உங்கள் மகள் அவற்றைத் தன் பாடல்களாகவே கேட்கிறாள். எந்தப் பாட்டு எப்போது வந்தது என்ற கதைகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அவளுக்கு எது பிடித்திருக்கிறது, ஏன் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: பரணில் அறுபது கேசட்டுகள் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றலாமா? எப்படி? (வாசகர், திருநெல்வேலி)

மாற்றலாம்; தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். முதலில் தரம் பிரியுங்கள். இன்று இணையத்தில் கிடைக்கும் படப்பாடல் கேசட்டுகளுக்காக நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. கோயில் கச்சேரி, வானொலியிலிருந்து பதிந்தவை, வீட்டார் குரல், கடையில் நீங்கள் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்துவாங்கிய கலவைக் கேசட்டுகள் ஆகியவற்றை முன்னால் வையுங்கள். கலவைக் கேசட்டில் பாட்டுகளை அந்த வரிசையில் அடுக்கியவர் நீங்கள் ஒருவர்தான். வேறெங்கும் அது கிடைக்காது.

கேசட்டுக்குள் இருக்கும் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிடக் கேசட்டின் நாடாவைவிட மெல்லியது. ஆகவே நீண்டநாள் கிடந்த கேசட்டை எடுத்தவுடன் போடாமல், ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கத்தைத் தளர்த்துங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் நல்ல கருவியில் போடவே கூடாது. அது, நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் ‘ஹெட்’ என்ற பாகத்திலும் படியும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத்துண்டு சில கேசட்டுகளில் உதிர்ந்துபோயிருக்கும். அப்படியானால் திருகு வைத்த பழைய கேசட் ஒன்றின் கூட்டைத் திறந்து, நாடாவை அதற்குள் மாற்றிவிடலாம்.

டேப்ரிக்கார்டரின் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டு, டேப்ரிக்கார்டரில் ஒலி வெளியே வரும் ‘லைன் அவுட்’ துளையிலிருந்து கணினியில் ஒலி உள்ளே போகும் ‘லைன் இன்’ துளைக்கு ஒயர் கொடுங்கள். அடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஒலி மங்கலாக இருந்தால், ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகை மிக மெதுவாகத் திருப்பி, மேல்சுருதிகள் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஒரு வேலையில்தான் பெரும்பாலான பழைய கேசட்டுகள் உயிர்பெறுகின்றன. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, அரைமணி நேரப் பக்கத்துக்கு 300 எம்பி ஆகும். ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் எம்பி3 வடிவத்தைக் கைப்பேசிக்கான நகலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக வையுங்கள். பாட்டுப் பாட்டாக வெட்டாதீர்கள். இரைச்சலை நீக்கும் வசதியையும் மூலக்கோப்பில் பயன்படுத்தாதீர்கள், அது இரைச்சலோடு தம்பூராவின் நாதத்தையும் கொண்டுபோய்விடும். உறையில் எழுதியிருக்கும் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து அதே கோப்புறையில் போட்டு, முழுவதையும் இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் நகலெடுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.