வாசகர் கேள்வி: முதுகு சிவந்த குட்டித் தேன்சிட்டு

கேள்வி: வால்பாறையில் காட்டையொட்டிய எங்கள் தோட்டத்தில், புல்லுருவிப் பூக்களில் தேன் குடிக்கும் விரலளவுப் பறவையைக் கண்டேன். முதுகு சிவப்பு, வயிறு மஞ்சள். ஊரில் இதை ஹம்மிங் பறவை என்கிறார்கள். சரிதானா?

பதில்: ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை; நீங்கள் கண்டது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிறிய தேன்சிட்டின் ஆண் பறவையாகவே இருக்க வேண்டும். ஏறக்குறைய 8 செ.மீ. நீளமே உடைய இப்பறவையின் உச்சந்தலையில் உலோகப் பச்சையும், தொண்டையில் ஊதாவும், மார்பின் குறுக்கே குங்குமப் பட்டையும் இருக்கும். ஆனால் நிழலில் அந்தப் பளபளப்பு கறுப்பாகவே தெரிவதால், வெயில் படும் கிளையில் அது வந்து அமரும்வரை பொறுத்திருந்து பார்ப்பது நல்லது.

சமவெளித் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டோடு இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அது சற்றே பெரியது. அதன் ஆணின் முதுகு பளிச்சென்ற குங்கும நிறமாக இல்லாமல் அடர்ந்த செம்பழுப்பாக இருக்கும். பெண் பறவைகளைப் பிரித்தறிவது இன்னும் எளிது என்பேன்: சிறிய தேன்சிட்டின் பெண்ணுக்கு, மங்கிய உடலில் வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே மட்டும் சிவப்பு தெரியும், மற்றதன் பெண்ணுக்கு அந்தச் சிவப்பு கிடையாது.

புல்லுருவியை வெட்டிவிடாதீர்கள். வளைந்த அலகும் குழல் போன்ற நாக்கும் கொண்ட இச்சிட்டுகள் தேனை உறிஞ்சும்போதே அதன் பூக்களுக்கு மகரந்தத்தையும் கொண்டுசேர்க்கின்றன.